நெய்யா, பிள்ளையா

எனக்குப் பிள்ளை பிறக்காததற்குக் காரணம் உடம்புக்குள் சேர்ந்து கிடக்கிற அழுக்கு என்று கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு வைத்தியர். கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ராதாபுரம் பக்கத்துக்காரி. தண்ணீருக்குத் தவம் கிடக்கிற பனங்காட்டு ஊர்தான். அதற்காக அழுக்காக வளர்ந்தவர்கள் இல்லை நாங்கள். கிணற்றில் அரைக் குடம் ஊறினாலும் அதிலேயே குளித்து, துவைத்து, வீட்டையும் மெழுகிவிடுவாள் என் அம்மா. இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கு வாசலில் தாமிரபரணி ஓடுகிறது, அதனால் மற்ற எல்லோரும் அழுக்கு என்று ஒரு நினைப்பு உண்டு. வைத்தியரும் அந்த நினைப்பில்தான் பேசுகிறார் என்று முதலில் எண்ணிவிட்டேன்.

அவர் சொன்னது வேறு அழுக்காம். குளித்தால் போகாத அழுக்கு. தின்றது, குடித்தது, கவலைப்பட்டது எல்லாம் சேர்ந்து உள்ளே படிந்துபோய், கரு தங்க இடமில்லாமல் செய்துவிட்டதாம்.

என்னைக் கட்டிக்கொடுத்த வீடு திருநெல்வேலி டவுணுக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில் இருந்தது. கொஞ்சம் நன்செய் உள்ள சைவக் குடும்பம். வீட்டுக்காரர் டவுணில் கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தா. அவரும் நானும் மாமியாரும் மட்டும்தான் வீட்டில். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை ஆறு பெற்று ஒன்றை மட்டும் கையில் நிறுத்தியவள். அந்த ஒன்றுக்கும் வாரிசு இல்லாமல் போய்விடுமோ என்று அவளுக்கு உள்ளூரக் கிலி. என்னை ஏறாத கோயில் எல்லாம் ஏற்றிவிட்டாள். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு தசராக் கூட்டத்தில் இடிபட்டு வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. உறவில் யாரோ ஒரு பெண்ணின் ஜாதகம்கூட ஒரு தடவை வீட்டுக்கு வந்து போனது. எதற்கு வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயம்தானே.

அதற்குப் பிறகு வந்தவர்தான் இந்த வைத்தியர். திருவிதாங்கூர்ப் பக்கம் போய்ப் படித்துவிட்டு வந்தவர் என்று பேர். வெற்றிலை போடமாட்டார், மெதுவாகப் பேசுவார், பேச்சுக்குப் பேச்சு கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் வைத்தியர் பெண்பிள்ளையை நேரே பார்க்கிற வழக்கம் கிடையாது. அவர் முன்கூடமான பட்டாசாலில் பாயில் உட்காருவார். நான் அரங்கு எனும் உள்ளறையில், கதவுக்குப் பின்னால் நிற்பேன். கதவிடுக்கு வழியாக இடது கையை மட்டும் நீட்டினேன். மணிக்கட்டில் மெல்லிசுத் துணி போட்டு, அதன் மேல் மூன்று விரலை வைத்துப் பார்த்தார். மற்றதெல்லாம் அத்தை வாய் வழியாகத்தான். அவர் கேட்பதை அத்தை என்னிடம் கேட்பாள். நான் சொல்வதை அத்தை அவரிடம் சொல்வாள். மூன்று பேருக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் முறை முறைதான்.

"அடிப்பிடிச்ச பானைய வறட்டுன்னு சுரண்டுனா பானைதான் ஓட்டையாகும், ஆச்சி. மொதல்ல ஊறப் போடணும். பொறவு சூடு காட்டணும். பொறவுதான் கழுவணும்" என்றார் வைத்தியர்.

"நல்லாக் கழுவிருங்க அண்ணாச்சி" என்றாள் அத்தை.

கதவுக்குப் பின்னால் நின்ற பானை நான்தான். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊறப் போடுவது என்றால் நெய். மூலிகை போட்டுக் காய்ச்சிய நெய்யை விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். முதல் நாள் ஒரு கரண்டி, அப்புறம் தினமும் அளவு ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் வெந்நீர் தவிர வேறெதுவும் கிடையாது. பசி நன்றாக எடுத்த பிறகு குழைய வெந்த கஞ்சி. பகலில் தூங்கக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. இந்தக் கடைசிப் பத்தியம் எனக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது. சூடு காட்டுவது என்றால் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, மூலிகைத் தண்ணீரில் வேது பிடித்து வேர்க்க வைப்பது. கழுவுவது என்றால் பேதி.

உண்மையைச் சொல்லட்டுமா, முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் நெய் என்றால் பிள்ளைச் சோற்றில் ஒரு சொட்டு விட்டுவிட்டு விரலை வழித்துத் தலையில் தடவிக்கொள்வோம். இங்கே கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். அத்தை கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. பச்சை நிறம், எட்டிக்காய்க் கசப்பு. நாற்றமோ, வேப்பங்கொழுந்தையும் பழைய செருப்பையும் சேர்த்துக் காய்ச்சியது போல. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பார்கள். எனக்கு அந்த மூன்று நாள் எப்போதோ கடந்துபோய்விட்டது. நெய் மட்டும் நிற்கவில்லை.

எப்போது நிறுத்துவது என்று அத்தை கேட்டாள். வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு குறிகளைச் சொன்னார். குமட்டல் வரும். வாயில் எச்சில் ஊறும். சோறு பிடிக்காது. உடம்பு தளர்ந்து போகும். தலை சுற்றும். நெய்யைக் கண்டாலே எழுந்து ஓடத் தோன்றும். இதெல்லாம் வந்துவிட்டால் நெய் முழுக்க ஊறிவிட்டது என்று அர்த்தமாம். "மாதாந்தரமும் கொஞ்சம் முன்னப் பின்னப் போகும். அதுக்குப் பயப்பட வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது ஒவ்வொன்றாக வந்தது. குமட்டியது. எச்சில் ஊறியது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கையைத் தூக்கினால் கை கனத்தது. மாதாந்தரமும் வரவில்லை. அத்தைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வைத்தியர் பெரிய ஆள்தான், சொன்னது சொன்னபடி நடக்கிறதே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஒரு நாள் காலையில் அடுக்களையில் உலை கொதிக்கிற வாசனை வந்து, பின்வாசலுக்கு ஓடிப்போய்க் குனிந்து நின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. வைத்தியர் சொன்ன குறிகளில் நெய்யை மட்டும் எடுத்துவிட்டால் மீதி இருப்பது என்ன? மசக்கை. கல்யாணம் ஆன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே குறிகளை இதே வரிசையில் சொல்வாளே.

முழுகாமல் இருக்கிறவளுக்குப் பேதி மருந்து கொடுக்கக் கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கொடுத்தால் கரு நிற்காது. என் வயிற்றில் இருப்பது நெய்யாக இருந்தால் பேதி குடிக்க வேண்டும். பிள்ளையாக இருந்தால் குடிக்கவே கூடாது. எது என்று எனக்குத் தெரியவில்லை. என் உடம்புதான், நான்தான் உள்ளே இருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. இதைப் போல ஒரு கேவலம் உண்டா என்று இருந்தது.

அத்தையிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முந்தின வருஷம் இதே போலத் தள்ளிப்போயிருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை தெருவெல்லாம் சொல்லி, ராதாபுரத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். என் அப்பா கருப்பட்டியும் தேங்காயும் முறுக்குமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் வந்து இறங்கிய அன்று காலையில்தான் நான் வீட்டுக்குத் தூரமாகி, தொழுவுக்குப் பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலேயே சாப்பிட்டுவிட்டு, "வாறேம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் பெண்கள் வாயை மூடிச் சிரித்தார்கள். இனி வயிறு முன்னால் தள்ளிய பிறகுதான் வாயைத் திறப்பது என்று அன்றைக்குச் சத்தியம் செய்தவள் நான்.

ஆகவே நானே கண்டுபிடிக்கப் பார்த்தேன். நெய் நாற்றம் மட்டும் குமட்டினால் அது நெய்; மற்ற வாசனைகளும் குமட்டினால் அது பிள்ளை என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வீட்டில் உள்ளதை எல்லாம் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். சோறு குமட்டியது. சரி, பிள்ளைதான். மல்லிகைப்பூ குமட்டவில்லை. அப்படியானால் நெய். பெருங்காயம் குமட்டியது. மண்ணெண்ணெய் விளக்கு குமட்டவில்லை. அது மட்டுமா, கொஞ்சம் பிடிக்கவும் செய்தது. வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தேன். குமட்டியது, ஆனால் அது எப்போதுமே குமட்டும். இப்படியே மோந்து மோந்து மண்டை இடி வந்ததுதான் மிச்சம்.

புளியங்காய் கேட்டேன். அத்தை ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்டுவிடுவாள், கேட்டுவிட்டால் சொல்லிவிடலாம் என்று நின்றேன். "நெய்யக் குடிச்சா புளிப்புக் கேக்கத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புளியங்காய் கிடைக்கவில்லை. பத்தியத்தில் புளி ஆகாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கச்சேரியில் இருந்து வந்து கால் கழுவும்போது, செம்பைக் கொடுத்துக்கொண்டே பையச் சொன்னேன். "எனக்கு இது நெய்யா வேற என்னமுமான்னு வெளங்கல."

"வேற என்ன?" என்றார்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரில் உள்ள வழக்கு எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகிறது என்று அத்தை பெருமை பேசுவாள். அந்த மனுஷர் இந்த ஒரு வழக்குக்குத் திருதிருவென்று விழித்தார்.

"நெய்யாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிள்ளையா இருந்தா நல்லாருக்கும்" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "நீ என்ன நெனைக்க?" என்று என்னையே கேட்டார்.

"அதத்தான உங்ககிட்ட கேக்கேன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? அம்மாட்டச் சொல்லட்டா?"

"சொல்லாதிய" என்றேன். அவர் சரி என்று உள்ளே போனார். போன பிறகு, ஐயோ சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தால் அப்பாவின் வண்டி ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் வைத்தியர் வந்தார். நான் அரங்குக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை நடந்ததை எல்லாம் ஒப்பித்தாள். "நெய்யக் கண்டா ஓடுதா அண்ணாச்சி. காலையில எந்திச்சதும் வாந்தி எடுக்கா. சோறு எறங்கல. கண்ணு சொருகுது."

"ரொம்ப நல்லது. ரொம்ப ரொம்ப நல்லது" என்று வைத்தியர் சந்தோஷப்பட்டார். நான் வாந்தி எடுத்ததை அந்த அளவுக்குக் கொண்டாடியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவை மெல்லத் தட்டி அத்தையை உள்ளே கூப்பிட்டேன்.

"நாடி பாக்கச் சொல்லுங்க அத்தை."

"எதுக்குளா?"

"சும்மாத்தான். பாத்தா என்ன?"

அத்தை வெளியே போய்க் கேட்டாள். கேட்டது எனக்கும் கேட்டது, அவர் சொன்ன பதிலும் கேட்டது. "நெய் ஏறுன உடம்புல நாடி நெலையா நிக்காது, ஆச்சி. ரெண்டு உசிரு இருக்காப்ல துள்ளும். இப்பப் பாத்து ஒண்ணும் சொல்லப்படாது. கழுவி முடிச்ச பொறவு பாப்போம்."

ரெண்டு உசிரு இருக்கிறாற்போல என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கை தானாக வயிற்றில் போய் நின்றது. இருக்கிறாற்போலத் துள்ளுமா, இருப்பதால் துள்ளுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கதவு நடுவில் இருந்தது. உரக்கப் பேசக் கூடாது என்ற பத்தியமும் இருந்தது. என்னைப் பத்தியம் கட்டிப்போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு எண்ணெய் தேய்த்தார்கள், வேது பிடித்தார்கள். அண்டாவில் இலையும் தழையும் கொதிக்க, போர்வைக்குள் உட்கார்ந்து வேர்த்து ஊற்றினேன். உள்ளே இருட்டு. உள்ளே நீ இருக்கிறாயா, இருந்தால் ஏதாவது ஒன்று காட்டேன் என்று வயிற்றைக் கேட்டேன். வயிறு கடமுடா என்றது. அது நெய்.

பேதி மருந்து கொடுக்கிற அன்று விடியும்போதே வைத்தியர் வந்து உட்கார்ந்துவிட்டார். கடுக்காயும் எங்கள் பக்கத்தில் விளைகிற நிலாவாரையும் இன்னும் என்னவெல்லாமோ போட்டு இறக்கிய கஷாயம். அத்தை அதை வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அரங்குக்குள் வந்தாள். கிண்ணத்தை நீட்டியவள், நான் கை நீட்டியதும் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்கு வேற ஒண்ணும் தோணலியே?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "உங்களுக்கு என்ன தோணுது அத்தை? ஆறு பெத்தவுக நீங்கதான."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், கழுத்தடியில் முகர்ந்து பார்த்தாள். "இந்த நெய் நாத்தத்துல எனக்கு ஒரு எழவும் தோணலட்டி" என்றாள்.

கிண்ணத்தோடேயே வெளியே போனாள். "அண்ணாச்சி, புள்ளைக்குத் தள்ளிப் போயிருக்கு. ஒருவேளை…" என்று இழுத்தாள்.

வைத்தியர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். நிதானமாகப் பதில் சொன்னார். தள்ளிப்போகும் என்று முதலிலேயே சொன்னேனே என்றார். இத்தனை வருஷம் தங்காத கரு இந்த நெய் குடிக்கும்போதா தங்கும் என்றார். பிறகு, "நெய் குடிச்சு, வேது புடிச்சு, அழுக்கு எல்லாம் எளகி வயித்துக்கு வந்து நிக்குது, ஆச்சி. இப்பக் கழுவாம விட்டா அது திரும்ப ஒடம்புல ஏறும். காய்ச்சலோ சோகையோ வந்து படுத்துக்கிட்டா பொறவு எம்மேல பழி சொல்லப்படாது. ரெண்டுல ஒண்ணு நீங்க சொல்லுங்க" என்றார்.

அத்தைக்கு என்ன தெரியும் பாவம். குடித்தால் பிள்ளைக்கு ஆபத்து, பிள்ளை என்று ஒன்று இருந்தால். குடிக்காவிட்டால் எனக்கு ஆபத்து, அழுக்கு என்று ஒன்று இருந்தால். இருதலைக் கொள்ளி எறும்பு என்று கதையில் சொல்வார்கள். நாங்கள் மாமியாரும் மருமகளுமாக இரண்டு எறும்பு. வீட்டுக்காரர் அன்றைக்குக் கச்சேரிக்குப் போகாமல் பின்வாசலில் நின்று வேப்பங்குச்சியை மென்றுகொண்டே இருந்தார். அத்தை அவரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

அத்தை திரும்ப உள்ளே வந்தபோது கிண்ணத்தில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் வாங்கிக் குடித்துவிட்டேன். யாரும் என் வாயைப் பிளந்து ஊற்றவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றை எனக்குத் தெரியும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்தப் பகலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். வயிற்றைப் பிசைந்து முறுக்கியது. பின்வாசலுக்கும் அரங்குக்குமாக நடந்து கால் ஓய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தை பின்னாலேயே வந்து பார்த்து, பட்டாசாலுக்குப் போய் வைத்தியரிடம் நிறம் சொன்னாள். "மஞ்சளா போவுது அண்ணாச்சி." "நுரைச்சுப் போவுது அண்ணாச்சி." அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, வெந்நீர் கொடுக்கச் சொன்னார். எனக்கு வெட்கம் எல்லாம் அன்றைக்கே பேதியோடு போய்விட்டது. வெயில் தாழ்ந்த பிறகு மோர் கொடுத்து நிறுத்தினார்கள். கஞ்சித் தெளிவு கொடுத்தார்கள். உடம்பு காற்றில் தொங்கும் துணி போல ஆகிவிட்டது. ஆனால் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அப்பாடா, நெய்தான் என்றும் தோன்றியது, இல்லை, பிள்ளைதான், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறது என்றும் தோன்றியது. இரண்டையும் மாறி மாறி நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்தபோது தூரமாகியிருந்தேன்.

அத்தை என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பிறகு கையெடுத்து நெல்லையப்பர் இருக்கிற திசையைக் கும்பிட்டாள். "தொறந்துட்டுளா. மருந்து வேலை செஞ்சுட்டு. போ, அங்கன போய் உக்காரு" என்றாள். வைத்தியருக்கு ஆள் போனது. கர்ப்பப் பை வழி திறந்துகொண்டது, இனிக் கவலையில்லை என்று அவர் சொல்லி அனுப்பினார். அவருக்கு வேட்டியும் பழமும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்தார்கள்.

நான் தொழுவுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் வருகிற வலியைவிட அதிகமாக வலித்தது. எப்போதும் போவதைவிட அதிகமாகப் போனது. பேதி குடித்த வயிறு, வலிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். அழுக்கு எல்லாம் இளகி வரும் என்றுதானே அவர் சொன்னார் என்றும் சொல்லிக்கொண்டேன். அழலாமா என்று பார்த்தேன். எதற்காக அழுவது என்று தெரியவில்லை. செத்தது ஒன்று என்றால் அழ வேண்டும், போனது அழுக்கு என்றால் சிரிக்க வேண்டும். அழுது, அது அழுக்காக இருந்தால் எவ்வளவு அபத்தம். சிரித்து, அது பிள்ளையாக இருந்தால் எவ்வளவு பாவம். முழங்காலைக் கட்டிக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டை எப்போதும் வேலைக்காரிதான் கொண்டுவந்து வைப்பாள். அந்தத் தடவை அத்தையே கொண்டுவந்து, எட்ட நின்று வைத்தாள். சோறு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. ஓரத்தில் புளித்துவையல் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் டவுணில் இருந்து அல்வா வாங்கி வந்தார். வைத்தியம் பலித்த சந்தோஷத்துக்கு அத்தை வாங்கிவரச் சொன்னது. பொட்டலத்தை அறைப் படியில் வைத்துவிட்டு, தொடக் கூடாதே என்று தள்ளி நின்றார். வாழையிலையில் இருந்து நெய் கசிந்து படியில் ஓடியது. எனக்குக் குமட்டவில்லை. ஒன்றுமே குமட்டவில்லை.

"அப்போ நெய்தானா?" என்று கேட்டார்.

"நெய்தான்" என்றேன்.

"ம்" என்றார். அதற்குப் பிறகும் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இதற்கு அடுத்த வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். இந்தத் தடவை குமட்டலுக்கு நெய் சாட்சி சொல்ல வரவில்லை. வயிறும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. வைத்தியருக்கு வந்த புகழைச் சொல்லி முடியாது. ஆற்றுக்குப் போகிற பெண்கள் எல்லோரிடமும் அத்தை நின்று நின்று சொன்னாள். பிள்ளை இல்லாத வீடுகளில் இருந்து அவருக்கு வண்டி வந்தது. கழுவி எடுத்த வயிறு என்று என் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நறுக்கென்று ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். உண்மையிலேயே அழுக்குதான் இருந்து, அது போனதால்தான் இது வந்ததோ என்னவோ. இன்றைக்கும் அவரைத் திட்ட ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுகிறேன்; கும்பிட ஆரம்பித்தாலும் பாதியில் நின்றுவிடுகிறேன்.

வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்கு ராதாபுரத்துக்குப் போனேன். அப்பா இந்தத் தடவை வண்டியில் என்னையே ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் மாட்டை விரட்டாமல் பைய ஓட்டினார்.

நல்ல பகலில்தான் வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். ஊரில் பாதிப் பேரைக் கையில் வாங்கியவள். வாய் ஓயாமல் பேசுகிறவள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "இது தலைச்சனா தாயி?"

வெளியே கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து அம்மா பதில் சொன்னாள். "தலைச்சன்தான். ஒனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லாதிய. பெத்துக்கிடுதவ சொல்லட்டும். எனக்குக் கை வைக்கத் தெரியணும்லா" என்றாள் மருத்துவச்சி. பிறகு என் பக்கம் குனிந்து, "சொல்லு தாயி, இது மொதல்ல உண்டானதுதானா?" என்றாள்.

வைத்தியம் பார்க்க வந்த ஒருவர், கதவும் அத்தையும் நடுவில் இல்லாமல் என்னையே பார்த்துக் கேட்டது அப்போதுதான். ஆமாம் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

"தெரியல" என்றேன்.

ஊரெல்லாம் பேசுகிறவள் பேச்சை நிறுத்திவிட்டாள். எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்ணெய்க் கையை என் வயிற்றின் மேல் வைத்து, "அப்பம் ரெண்டாவதுன்னே வச்சுக்கிடுவோம் தாயி" என்றாள்.

நான் வாய்விட்டு அழுதேன். அவள் தடுக்கவில்லை. வலி கூடிவிட்டது போல என்று நினைத்து, அம்மா வெளியே இருந்து "பொறுத்துக்கோ, இப்பப் பொறந்துரும், இப்பப் பொறந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.